நாங்கள், உங்களையும் சேர்த்து

ஜனவரி 6

வியன்னா. மைனஸ் மூன்று. வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் உண்டு, ஆனால் ஏறினால் உள்ளே இருப்பவருக்கு வணக்கம் சொல்லியாக வேண்டும். படியேறிப் போகிறேன்.

அழைப்புமணிக்குக் கீழே 'மகிஸ்டர் மங்கை' என்று பெயர் எழுதியிருக்கிறது. என்னை இங்கே வரவழைத்திருக்கும் மொழிபெயர்ப்பாளர் இல்லத்தின் ஏற்பாடு. மங்கையர்க்கரசி என்ற என் முழுப்பெயர் அந்த இடத்தில் அடங்கவில்லை. முதுகலைப் பட்டம் அடங்கிவிட்டது. இந்த ஊரில் பட்டம் இல்லாமல் ஒருவர் பெயரைச் சொல்வது அவரைச் சட்டையில்லாமல் தெருவில் நிறுத்துவது போலாம். நம் கல்யாணப் பத்திரிகைகளைக் காட்டினால் ஆனந்தக் கண்ணீர் விடுவார்கள்.

வேலை: ரோஸ்விதா பிஹ்லர் என்ற அம்மையாரின் நாவலைத் தமிழாக்குவது. பிப்ரவரி கடைசிக்குள். சென்னையில் இருபது வருடமாக ஜெர்மன் கற்பிக்கிறேன். ஆஸ்திரிய நாவல்களை அதைவிட அதிகக் காலமாகச் சகித்து வருகிறேன். அவற்றின் சாரம் இரண்டு. ஒன்று, 'நான்' என்று யாரும் கிடையாது. இரண்டு, மொழியால் எதையும் சொல்லிவிட முடியாது. இதை நானூறு பக்கத்தில் சொல்வார்கள். எங்கள் குரோம்பேட்டை வீட்டில் இரண்டையும் ஒரே சொல்லில் முடித்துவிடுவோம்: பார்க்கலாம்.

கிளம்பும்போது பெட்டியை டாக்சியில் ஏற்றிவிட்டு என் கணவர் புகழேந்தி கேட்டார்: "திரும்பி வருவல்ல?"

"பார்க்கலாம்" என்றேன்.

அவர் சத்தமாகச் சிரித்தார். மாடி ஜன்னலில் அவருடைய அக்கா கண்ணகி நின்றுகொண்டிருந்தார். கையசைத்தேன். திரைச்சீலை அசைந்தது.

ஜனவரி 7

நாவலின் கதையை எழுதி வைக்கிறேன், எனக்கே மறந்துவிடக்கூடும். மலை மேல் ஒரு சிற்றூர். நகரத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை வந்து சேர்கிறாள். வருடக்கணக்கில் அங்கேயே இருக்கிறாள். ஒரு பிப்ரவரி காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிறாள். ஊரே ஜன்னல்களுக்குப் பின்னால் நிற்கிறது. யாரும் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

கதையைச் சொல்வது ஊர். மொத்த ஊரும் ஒரே குரலாகச் சேர்ந்து, போய்விட்ட ஆசிரியையிடம் பேசுகிறது. ஜெர்மனில் அதற்கு 'வீர்' என்ற ஒரே சொல். தமிழில்தான் சனியன் இரண்டு இருக்கிறதே. நாம் என்றால் கேட்பவரும் உள்ளே. நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே.

முதல் வரி: "இங்கே நாங்கள் அதிகம் பேர் இல்லை, டீச்சர்." அல்லது: "இங்கே நாம் அதிகம் பேர் இல்லை, டீச்சர்."

அந்த ஊர் அவளைத் தன்னில் ஒருத்தியாக நினைத்ததா இல்லையா? நாவலே அதுதான். ஜெர்மன் வாசகருக்குக் கடைசிப் பக்கம்வரை தெரியாது. தமிழ் வாசகருக்கு இரண்டாவது சொல்லிலேயே தெரிந்துவிடும். துப்பறியும் கதையின் அட்டையில் கொலைகாரன் பெயரை அச்சடிப்பது போல.

ஜனவரி 9

வீட்டிலிருந்து செய்தி: "சாப்டாச்சு. மாத்திரை போட்டாச்சு. தண்ணி லாரி வந்தாச்சு."

புகழேந்தியின் தமிழில் எழுவாயே கிடையாது. எல்லாம் தானாக நடந்து முடிந்துவிடும். எங்கள் கல்யாணத்தையும் அவர் அப்படித்தான் நண்பர்களுக்கு அறிவித்திருப்பார்: ஆயாச்சு.

ஜனவரி 11

ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். நாமும் வேண்டாம், நாங்களும் வேண்டாம். வந்தோம், போனோம், நின்றோம் என்று 'ஓம்' விகுதியை மட்டும் வைத்து ஓட்டிவிடலாம்; அது யாரையும் காட்டிக்கொடுக்காது. 'பார்க்கவில்லை' என்று வந்தால் இன்னும் நல்லது, அந்த விகுதிகூடத் தேவையில்லை. தமிழ், பொறுப்பைத் தட்டிக்கழிக்கவென்றே செய்த மொழி. இப்படியே நாற்பது பக்கம் முடித்தேன்.

மாலையில் படித்துப் பார்த்தேன். தந்தி போல இருக்கிறது. அல்லது எங்கள் வீடு போல.

இரண்டாவது ஒப்புமை தேவையில்லாதது.

ஜனவரி 13

எதிர் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். பவளராணி. யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். இந்த ஊரில் டிராம் ஓட்டுகிறார். சீருடையில் நின்றார்.

"மகிஸ்டர் எண்டு போட்டுக்கிடக்கு. டொக்டரோ நீங்கள்? எனக்கு முழங்காலுக்குள்ள ஒரு நோ."

"டாக்டர் இல்லைங்க. எம்.ஏ. ஜெர்மன்."

"அப்ப அதை எடுத்துவிடுங்கோ. மேல்மாடிக் கிழவி ரத்தம் குத்திப் பாக்கச் சொல்லி வந்து நிப்பா."

கிளம்பும்போது படியில் திரும்பி, "நாளைக்கு வெள்ளன நாங்கள் பொங்குவம், என்ன? பால்கனியில. வீட்டுக்குள்ள பொங்கினா அந்தப் புகைமணி அடிச்சுத் துலைக்கும்" என்றார்.

சந்தோஷம், நல்லா பொங்குங்க, வாழ்த்துகள் என்றேன். பண்பாகத்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜனவரி 14

காலையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி, அதற்கு எதிரிலேயே உட்கார்ந்து பதினோராவது அத்தியாயத்தைப் பிடித்தேன். பத்து மணியளவில் கதவு தட்டப்படவில்லை, இடிக்கப்பட்டது. பவளராணி. சேலைக்கு மேல் குளிர்கோட்டு, கையில் அகப்பை.

"நல்ல நேரம் போட்டுது. ஏன் நீங்கள் வரேல்லை?"

"எங்க?"

"எங்கயோ? பொங்க! அடுப்பை மூட்டாமல் பாத்துக்கொண்டு நிண்டனான். பாலும் உறைஞ்சு போச்சு."

"நீங்க... நாங்கள் பொங்குவம்னுதானே சொன்னீங்க?"

"ஓம். அப்பிடித்தான் சொன்னனான்."

"அதான். நீங்க உங்க வீட்டாளுங்களோட பொங்கப் போறீங்கன்னு நெனைச்சேன்."

"எந்த வீட்டாக்கள்? மகள் லின்ஸில. மனுசன் போய் மூண்டு வருசம்." எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. "நாங்கள் எண்டா நாங்கள்தானே. நீங்கள் இல்லாமல் என்னெண்டு நாங்கள்?"

முதுகலையில் மொழியியல் தாளில் இதை நான் எழுதியிருக்கிறேன். யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாம் வழக்கொழிந்தது. நாங்கள் என்பதே இரண்டுக்கும் பொதுவாக நிற்கும். எட்டு மதிப்பெண் கேள்வி, ஏழு வாங்கினேன். வாசலில் ஒருவர் நின்று அழைத்தபோது அதில் ஒன்றுகூட உதவவில்லை.

பொங்கினோம். வீட்டுக்கு வெளியே பால்கனியில் என்றாலும் பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவதாக மிரட்டினார். பவளராணி அவருக்கு ஒரு கிண்ணம் நீட்டினார். அவர் தின்றுகொண்டே மிரட்டினார்.

இரவு யோசித்தால், அந்த 'நாங்கள்' மொத்தமே இரண்டு பேர். அதில் ஒருத்தி ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 17

வீட்டிலிருந்து: "நாங்க ஹாலை மாத்திட்டோம். அக்காக்கு கட்டில் போட இடம் வேணும்ல. உன் மேஜைய மொட்டைமாடி ரூமுக்கு ஏத்தியாச்சு."

தொழில்முறை ஆர்வத்தால் குறித்து வைக்கிறேன்: ஹாலை மாற்றியதற்கு எழுவாய் உண்டு. என் மேஜையை ஏற்றியதற்குக் கிடையாது.

ஜனவரி 18

மொட்டைமாடி அறையில் மின்விசிறி இல்லை.

ஜனவரி 21

இல்லத்தின் இயக்குநர் அழைத்தார். இரண்டு வருட வேலை ஒன்று இருக்கிறது: வாரத்தில் மூன்று நாள் தமிழ் கற்பிக்க வேண்டும், மீதி நாளில் என் மொழிபெயர்ப்பு. வீடு தருகிறார்கள். பிப்ரவரி 28க்குள் பதில் சொல்ல வேண்டும். நாவலுக்கும் அதே நாள்தான் கெடு. இந்த நாட்டில் எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்துவிட்டுப் பனிச்சறுக்கு விளையாடப் போய்விடுகிறார்கள்.

யோசிக்கிறேன் என்றேன். இந்த ஊர் ஜெர்மனில் 'பார்க்கலாம்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 'நாம் பார்ப்போம்' என்று ஆள் சேர்த்துத்தான் சொல்வார்கள். யாரைச் சேர்ப்பது?

ஜனவரி 22

புகழேந்தியிடம் வேலையைப் பற்றிச் சொல்லவில்லை. நேரமில்லை.

ஜனவரி 25

நேரம் இருந்தது. சொல்லவில்லை.

ஜனவரி 29

என் நாத்தனார் கண்ணகி வீடியோவில் வந்தார். நாலு வருடம் முன்பு கண் ஆபரேஷனுக்காக ஒரு மாதம் தங்க வந்தவர். கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. என்னைத் தவிர எல்லாம் தெரிகிறது.

"குளிர்ல என்ன சமைக்கிற? மெலிஞ்சுட்ட."

"சாம்பார்தான் வைக்கிறேன் அண்ணி. கொஞ்சம் வெல்லம் போட்டு."

"எங்க வீட்டுல வெல்லம் போட மாட்டோம்."

இருபத்திரண்டு வருடமாக, அவர் வந்து போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்தே, கேட்கும் வாக்கியம். எங்க வீட்டுல இப்படிக் கோலம் போட மாட்டோம், எங்க வீட்டுல பொம்பளைங்க முதல்ல சாப்பிட மாட்டோம். இந்த 'எங்க'வில் நான் இல்லை. சாம்பார் நான் வைத்தது.

பின்னால் புகழேந்தி செய்தித்தாளைப் பிடித்திருந்தார். தலைகீழாக இல்லை, ஆனால் பக்கமும் புரளவில்லை.

பிப்ரவரி 5

பிஹ்லரைச் சந்தித்தேன். எண்பத்தொரு வயது. ஊருக்கு வெளியே ஒரு மரச்சாமான் கடையின் உணவகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். சோபாக்களுக்கும் கட்டில்களுக்கும் நடுவே புகுந்து, அம்புக்குறிகளைப் பின்தொடர்ந்து போனால் அவர் தட்டு நிறைய பொரித்த இறைச்சியோடு உட்கார்ந்திருந்தார். மலைநாட்டு உச்சரிப்பு, பேசினால் நாய் குரைப்பது போல இருக்கும் என்று இங்குள்ளவர்களே கேலி செய்வார்கள். என்னுடையது சென்னையில் இலக்கணப் புத்தகத்தில் கற்ற ஜெர்மன். எங்கள் இருவரில் வெளிநாட்டுக்காரர் யார் என்று பரிமாறுகிறவருக்குக் குழப்பம்.

"காபிக் கடையில கூப்பிடுவேன்னு எதிர்பார்த்தீங்களா?" என்றார். "அங்க எழுத்தாளருங்க உக்காந்திருப்பாங்க. இங்க மெத்தை வாங்க வர்றவங்கதான். நிம்மதி."

என் சிக்கலை விளக்கினேன். உப்புக் குப்பி நான், மிளகுக் குப்பி என் ஆட்கள், கடுகுச் சாறு அவர். உப்பும் மிளகும் மட்டும் சேர்ந்தால் நாங்கள். கடுகையும் அணைத்துக்கொண்டால் நாம்.

மெல்லுவதை நிறுத்தினார். "அதாவது, 'நாங்க, ஆனா நீ இல்ல'ன்னு சொல்றதுக்குன்னே உங்ககிட்ட தனியா ஒரு சொல் இருக்கா?"

"இருக்கிறது."

"எதுக்கு?"

"தினமும் தேவைப்படும்."

"எங்க ஊருல அந்த ஒண்ணு இருந்தாலே போதும். இன்னொண்ணு பிரிக்காம அலமாரியில கிடக்கும்."

பிறகு நேராகக் கேட்டேன். அந்த ஆசிரியை உள்ளேயா, வெளியேயா?

"எழுதும்போது எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா எதுக்கு எழுதறேன்?"

"தமிழில் முதல் வரியிலேயே தெரிந்தாக வேண்டும்."

அவர் கடுகுக் குப்பியை எடுத்து உப்புக்குப் பக்கத்தில் வைத்தார். நகர்த்தினார். மறுபடி வைத்தார். "வேடிக்கைதான். மொழியால சொல்ல முடியாதுன்னு சொல்லியே இந்த நாட்டுல மூணு தலைமுறை எழுத்தாளருங்க சோறு தின்னோம். உங்க மொழியில சொல்லாம இருக்க முடியலங்கறீங்க."

"விகுதியை வைத்து ஒளிந்துகொள்ளலாம். நாற்பது பக்கம் ஒளிந்து பார்த்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"யாருமே இல்லாத ஊர் போல."

சிரித்தார். காபி வந்ததும் திடீரென்று, "உங்க வீட்டுல எது புழக்கம்? கடுகோடவா, கடுகு இல்லாமலா?" என்றார்.

"அது நாவலில் வரவில்லை" என்றேன்.

"நல்ல பதில். உங்களுக்குக் குடியுரிமையே குடுக்கலாம்."

பிப்ரவரி 10

வீட்டிலிருந்து: "நாங்க திருச்செந்தூர் கிளம்பறோம். நீ வர்றதுக்குள்ள வந்துருவோம்." நானும் அவரும் போகலாம் என்று ஒன்பது வருடமாகத் தள்ளிப்போட்ட ஊர்.

இன்று துணி துவைத்தேன். கீழ்த்தளத்தில் பொது இயந்திரம். என் முறை வெள்ளிக்கிழமை என்று ஒருவர் நின்று பாடம் நடத்தினார்.

பிப்ரவரி 12

நாற்பது பக்கத்தையும் கிழித்தேன். கணினியில் கிழிக்க முடியாது, அழித்தேன். அதில் அந்தத் திருப்தி இல்லை. அதற்குப் பிந்திய பக்கங்களில் 'வீர்' வரும் இடங்களை வெறுமையாக விட்டு வந்திருந்தேன், அவை தப்பின.

மறுபடி தொடங்கினேன்: "இங்கே நாங்கள் அதிகம் பேர் இல்லை, டீச்சர்." பவளராணியின் நாங்கள். அகப்பையோடு வந்து கதவை இடிக்கும் நாங்கள்.

பிப்ரவரி 15

முதல் அத்தியாயத்தை அச்செடுத்து பவளராணியிடம் கொடுத்தேன். வண்டி ஓட்டி முடித்துவிட்டு வந்து, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"இங்கே நாங்கள் அதிகம் பேர் இல்லை, டீச்சர். உங்கள் பெட்டியை நாங்கள் தூக்கி வந்தோம். அன்றிரவு நாங்கள் எல்லோரும் ஒரே சூப்பைக் குடித்தோம்." நிமிர்ந்தார். "பாவம், சனங்கள் நல்ல சனங்கள்தான் போல. டீச்சரையும் தங்கட ஆளா வச்சிருக்கினம். ஏன் பிறகு விட்டிட்டுப் போனவ?"

எனக்கு அதே வரிகள் வேறு மாதிரிக் கேட்டன. பெட்டியைத் தூக்கியது அவர்கள். சூப்பைக் குடித்தது அவர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானூறு பக்கமும் இப்பிடியே போகுமோ?"

"ஆமா."

"ஐயோ" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ஆரும் ஒருத்தி ஒரு கதவைத் தட்டியிருந்தா நாலு பக்கத்தில முடிஞ்சிருக்கும்."

கதவைத் தட்டினால் இலக்கியம் எப்படி நடக்கும் என்று கேட்டேன். இலக்கியம் தேவையோ, டிராம் ஓடினால் போதாதோ என்றார்.

பிப்ரவரி 17

சென்னைப் பதிப்பாளர் மாதிரி அத்தியாயத்தைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார்: 'நாங்கள்' ஏன், 'நாம்' ஏன் இல்லை, ஓர் அடிக்குறிப்பு போட்டால் நல்லது. போட முடியாது என்று பதில் எழுதினேன். பாதி வாசகருக்குக் கதவு சாத்தியிருக்கும், பாதி வாசகருக்குத் திறந்திருக்கும். எந்தப் பாதியில் இருக்கிறோம் என்று அவரவரே கண்டுபிடிக்கட்டும்.

பிஹ்லருக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "ரெண்டு புத்தகம் மொழிபெயர்த்துட்டு ஒண்ணுக்குத்தான் கூலி வாங்குறீங்க, அசடு" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 21

இயக்குநர் நினைவூட்டினார். இன்னும் ஒரு வாரம்.

பிப்ரவரி 22

வீட்டிலிருந்து: "நாம பேசணும்."

பிப்ரவரி 22, பிறகு

நாம. தெளிவாக இருக்கிறது. பழைய செய்திகளை எல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன், வெறும் சரிபார்ப்புக்காக. போன வருட ஆடி மாதம்வரை போனேன். ஒரு நாம கூட இல்லை. அதற்கு மேல் போகக் கண் வலித்தது.

ஐந்து பக்கம் மொழிபெயர்க்க வேண்டிய நாள். ஒன்றும் நடக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

பிப்ரவரி 23

அவருக்கு மாலை நேரமாகப் பார்த்து அழைத்தேன்.

"நாம பேசணும்னு போட்டிருந்தீங்க."

"ஆமா. கேஸ் சிலிண்டர் உன் பேர்ல இருக்குல்ல? ஓ.டி.பி. உன் நம்பருக்குத்தான் வருதாம். அதச் சொல்லணும்."

"அதுக்கா?"

"அதுக்குத்தான். ஏன்?"

"நாமன்னு போட்டிருந்தீங்களே."

"ஓ, அதுவா. புது போனு. 'நா'ன்னு ஆரம்பிச்சா அதுவா ஒண்ணப் போட்டுக்குது."

சிரிப்பு வந்தது. உண்மையாகவே வந்தது. ஒரு நாள் முழுக்க நான் உரை எழுதிக்கொண்டிருந்தது புகழேந்தியின் வாக்கியத்துக்கு அல்ல, ஒரு கைபேசியின் யூகத்துக்கு. மூன்று தலைமுறை ஆஸ்திரிய எழுத்தாளர்களும் இதைத்தானே சொல்லி வந்தார்கள்: நீ பேசுவதில்லை, மொழி உன்னைப் பேசுகிறது. அது ஓ.டி.பி. கேட்டு வரும் என்று மட்டும் யாரும் எச்சரிக்கவில்லை.

"எதுக்கு சிரிக்கற?"

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லு."

"எனக்கு இங்க வேலை குடுத்திருக்காங்க. ரெண்டு வருஷம். நான் சரின்னு சொல்லப் போறேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. கண்ணகி அண்ணியின் குரல்: "என்னவாம்?" அவர், "ஒண்ணுமில்லக்கா" என்றார். பிறகு செருப்புச் சத்தம். படியேறும் மூச்சு. ஒரு கதவு கிறீச்சிட்டது.

"மேல வந்துட்டேன். உன் மேஜைகிட்ட."

"மின்விசிறி இல்லாத ரூம்தானே?"

"மாட்டியாச்சு." கொஞ்சம் நின்றார். "மாட்டிட்டேன். போன வாரம். நான்தான்."

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.

"அக்கா கட்டில் போட்டதுக்காகவா?" என்றார்.

"இல்ல. எங்க வீட்டுல, எங்க வீட்டுலன்னு ஒவ்வொரு தடவையும் அவங்க சொல்றப்போ நீங்க பேப்பர் படிச்சதுக்காக."

மறுத்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். எனக்கு நாலு பதில் தயாராக இருந்தது. வீணாயிற்று.

"நீ அன்னைக்கு டாக்சியில பார்க்கலாம்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்."

"சிரிச்சீங்களே?"

"பின்ன? அக்கா ஜன்னல்ல நிக்குது. உன் பார்க்கலாம்னா வேணாம்னு அர்த்தம். இருபத்திரெண்டு வருஷமா எனக்குத் தெரியாதா?"

எனக்கு இது தெரியாது. அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கம் புது மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. சர்வதேச அழைப்பில் இதற்கும் கட்டணம் உண்டா என்று ஒரு கணம் யோசித்தேன். அப்போது அவர் கேட்டார்:

"நான் வரவா?"

அதில் எழுவாய் இருந்தது. முதலில் அதைத்தான் கவனித்தேன். இப்படித்தான் என்னைப் படிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள்.

"எப்படி?"

"எப்படின்னா? பிளேன்லதான். ஏப்ரல்ல லீவு இருக்கு."

"அண்ணி?"

"அக்கா இல்ல. நான்."

"அங்கேயே கூட்டிட்டுப் போயிடலாம்னு வர்றீங்களா?"

"இல்ல. நீ எங்க இருக்கேன்னு பார்க்க."

"சரி. ஒருமையில வாங்க" என்றேன்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க."

பிப்ரவரி 24

ஒருவரை ஒருமையில் அழைப்பது நம் ஊரில் அவமரியாதை. நான் மரியாதைப் பன்மையில்தான் ஒருமையில் வரச் சொன்னேன். இலக்கணப்படி தவறில்லை. அவர் வந்தால் எங்கே படுப்பார் என்று தெரியவில்லை; சோபா குட்டையானது. இதைப் பற்றி மேற்கொண்டு எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 25

மரச்சாமான் கடையில் மெத்தை விலை பார்த்தேன். வேறு வேலையாகப் போனபோது.

பிப்ரவரி 27

கடைசிப் பக்கம். ஆசிரியை பெட்டியோடு நடக்கிறாள். ஊர் சொல்கிறது: "நாங்கள் ஜன்னலருகே நின்றோம். பனி பெய்தது. நாங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை, டீச்சர்."

கடைசி 'நாங்கள்' இல்லாமலும் அந்த வாக்கியம் நிற்கும். நின்றுவிட்டுப் போகட்டும் என்று எடுத்தேன். பிறகு திருப்பி வைத்தேன். பார்க்காமல் இருந்ததற்கும் ஓர் எழுவாய் வேண்டும்.

பிப்ரவரி 28

காலையில் நாவலை அனுப்பினேன். பிற்பகலில் இயக்குநரின் அறைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். முழுப்பெயரும் கேட்டார்கள். மங்கையர்க்கரசி என்று எழுதினேன். கோட்டைத் தாண்டிப் பக்க ஓரம்வரை போயிற்று. அழைப்புமணிப் பலகையையும் மாற்றித் தரட்டுமா, உங்கள் பட்டத்தோடு முழுதாக, என்று கேட்டார். பட்டத்தை எடுத்துவிடுங்கள், மேல்மாடிக் கிழவி ரத்தம் குத்தச் சொல்லி வருகிறாள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனால் பட்டத்தை எடுக்கச் சொன்னது அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும், தண்ணீர் குடித்தார்.

திரும்பும்போது பவளராணியின் வாசலில் நின்றேன். இந்த முறை நான்தான் தட்டினேன். இங்கேயே இருக்கப் போகிறேன், ஏப்ரலில் அவர் வருகிறார் என்று சொன்னேன்.

"உங்கட அவரோ? நல்லது. அப்ப சித்திரை வருசப்பிறப்புக்கு நாங்கள் பொங்குவம்."

"எத்தனை மணிக்கு வரணும்?" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களை ஆர் கூப்பிட்டது?" என்றார்.

கேட்டுவிட்டு, கதவைச் சாத்தாமல் உள்ளே போனார்.